அடைபட்ட வழியைத் திறந்தவர்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி)



சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? குழாய் வேலை செய்பவரை அழைக்கிறோம். அவர் வந்ததும் கடப்பாரையை எடுத்துச் சுவரை இடிப்பதில்லை. நீண்ட கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி அடைப்பை நீக்குகிறார். தேங்கிய நீர் சலசலவென்று இறங்கிவிடுகிறது. சில மாதம் கழித்து மறுபடியும் அடைத்துக்கொண்டால் மறுபடியும் அவரையே அழைக்கிறோம். வீட்டை இடித்துக் கட்டவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த எளிய உண்மையை மனித உடலுக்குப் பொருத்திப் பார்த்த மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னதைக் கேட்டுப் பலர் நகைத்தனர். 'கிறுக்கு சார்லி' என்று பட்டப்பெயரும் இட்டனர். ஆனால் இன்று உலகெங்கும் எண்ணற்ற மக்கள் கத்தியின் கூர்மைக்குத் தப்பி, சிறிய ஊசித் துளையோடு நலம் பெற்று வீடு திரும்புகிறார்கள் என்றால், அதற்கு வித்திட்டவர்களில் முதல்வர் அவரே. அவர்தான் டாக்டர் சார்லஸ் தியோடர் டாட்டர்.

வகுப்பறையில் எழுந்த வினா

இவரைப் பற்றி நாங்கள் அறிய நேர்ந்தது ஒரு கேள்வியால்தான். உயிரியல் வகுப்பில் கல்லீரலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். நம் உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 1½ கிலோ எடை இருக்கும். அதற்கு இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று தமனி. மற்றொன்று, குடலிலிருந்து சத்துகளைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை. வந்த இரத்தம் பெரும்பாலும் மூன்று கல்லீரல் சிரைகளின் வழியே வெளியேறிக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்து இருதயத்தை அடைகிறது.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தி எழுந்து, வெளியேறும் வழி அடைத்துக்கொண்டால் கல்லீரல் என்ன ஆகும் என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆனால் சிஸ்டர் சிரிக்கவில்லை. அது நல்ல கேள்வி என்றும், அப்படி ஒரு நோய் உண்மையிலேயே உண்டு என்றும், விடையை நாங்களே தேடிக்கொண்டு வரவேண்டும் என்றும் கூறினார். தேடினோம். தேடிய வழியில் டாக்டர் டாட்டரைச் சந்தித்தோம்.

பிறப்பும் கல்வியும்

சார்லஸ் டாட்டர் 1920-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில். பொறிகளைக் கழற்றி, அவை எப்படி இயங்குகின்றன என்று பார்ப்பதில் அவருக்கு அளவற்ற ஆசை. அந்த ஆசை கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

ட்யூக் பல்கலைக்கழகத்தில் 1941-இல் பட்டம் பெற்றார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944-இல் மருத்துவரானார். பமீலா என்னும் செவிலியரை மணந்தார். மூன்று மக்களுக்குத் தந்தையானார். எக்ஸ்ரே துறையைத் தமக்கென்று தேர்ந்துகொண்டு, 1952-இல் போர்ட்லண்ட் நகரிலுள்ள ஒரிகன் மருத்துவக் கல்லூரியில் அத்துறையின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 32 தான். அடுத்த 33 ஆண்டுகளும், இறக்கும்வரை, அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

அக்காலத்தில் எக்ஸ்ரே மருத்துவரின் வேலை என்ன? படம் எடுப்பது. எடுத்த படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது. அவ்வளவே. நோயைத் தீர்ப்பது வேறொருவரின் வேலை. இரத்தக் குழாய் அடைத்திருந்தால் அறுவை மருத்துவர் உடலைத் திறந்து சரி செய்வார். முடியாவிட்டால் காலையே எடுத்துவிடுவார்.

கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் முறை அப்போதே இருந்தது. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியாகத் தம் இருதயம்வரை ஒரு குழாயைத் தாமே செலுத்தி, அதை எக்ஸ்ரே படமும் எடுத்துக் காட்டினார். பலரால் பழிக்கப்பட்ட அவருக்கு 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் கதீட்டர் பார்ப்பதற்கு மட்டுமே உரிய கருவி என்ற எண்ணம் மாறவில்லை.

ஒரு தற்செயல், ஒரு துணிவு

1963-ஆம் ஆண்டு. ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காக டாட்டர் கதீட்டரைச் செலுத்தினார். அவருடைய தொடைக்கு மேலேயுள்ள தமனி அடைத்திருந்தது. குழாய் தற்செயலாக அந்த அடைப்பின் ஊடே புகுந்து மறுபுறம் சென்றுவிட்டது. அடைப்பு திறந்தது! வேறொருவராயிருந்தால் தவறு நேர்ந்துவிட்டதே என்று அஞ்சி மறந்திருப்பார். டாட்டரோ, தற்செயலாய் நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று சிந்தித்தார்.

அவ்வாண்டு ஜூன் மாதம் செக்கோஸ்லோவாகியாவில் கார்லோவி வாரி நகரில் நடந்த மருத்துவர் மாநாட்டில் இந்தக் கருத்தை வெளியிட்டார். கதீட்டர் நோயைக் காட்டும் கண் மட்டுமன்று, நோயைத் தீர்க்கும் கையாகவும் ஆகும் என்பதே அவர் பேச்சின் சாரம். அந்த அவையில் பிராகா நகரைச் சேர்ந்த யோசெப் ரோஷ் என்ற மருத்துவர் இருந்தார். அந்தப் பேச்சு அவர் உள்ளத்தில் விதைபோல் விழுந்தது. அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

கருவிகள் வேண்டுமே! கடையில் கிடைக்காதவற்றை டாட்டர் தாமே செய்துகொண்டார். கிட்டார் தந்தியும், காரின் வேகமானியிலுள்ள கம்பியும் அவர் கையில் மருத்துவக் கருவிகளாயின. 1963-இல் சிகாகோவில் நடந்த கண்காட்சியில் பில் குக் என்ற இளம் உற்பத்தியாளர், டெஃப்லான் குழாயைத் தீச்சுடரில் காட்டிக் கதீட்டர் செய்து காட்டிக்கொண்டிருந்தார். டாட்டர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் அந்தச் சுடர் விளக்கையும் குழாயையும் இரவல் கேட்டு வாங்கித் தம் அறைக்கு எடுத்துச் சென்றார். மறுநாள் காலை, தாம் செய்த பத்துக் கதீட்டர்களுடன் வந்து நின்றார்! குக் அவற்றை ஒவ்வொன்றும் பத்து டாலருக்கு விற்றார். அன்று தொடங்கிய நட்பு இறுதிவரை நீடித்தது.

1964 ஜனவரி 16

இந்த நாளை மருத்துவ உலகம் மறவாது. 82 வயது மூதாட்டி ஒருவர் போர்ட்லண்ட் மருத்துவமனையில் இருந்தார். காலுக்குப் போகும் தமனி சுருங்கிவிட்டதால் பாதம் குளிர்ந்து, விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. தாங்கமுடியாத வலி. காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மருத்துவர்கள் கூறினர். அந்த அம்மையாரோ அதற்கு இணங்கவில்லை. இந்த வயதில் காலை இழந்து வாழ்வதைவிட இருக்கிறபடியே இருப்பேன் என்று உறுதியாக இருந்தார்.

அவரை டாட்டரிடம் அனுப்பினர். டாட்டர் தொடையில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே மெல்லிய கம்பி ஒன்றைச் சுருக்கத்தின் ஊடே செலுத்தினார். அதன்மேல் ஒரு டெஃப்லான் குழாயையும், அதற்கும் மேலே சற்றுப் பெரிய குழாயையும் ஏற்றித் தமனியின் உட்புறத்தை விரித்தார். சில நிமிடங்களில் குளிர்ந்து கிடந்த பாதத்தில் வெதுவெதுப்பு ஏறியது. ஒரு வாரத்தில் வலி மறைந்தது. புண்கள் ஆறின. சில ஆண்டுகளுக்குப் பின் இறக்கும்வரை அந்த மூதாட்டி தம் சொந்தக் கால்களாலேயே நடந்தார்.

அவ்வாண்டு நவம்பரில் டாட்டரும் அவருடைய உதவியாளர் மெல்வின் ஜட்கின்ஸும் இந்த முறையை மருத்துவ இதழில் வெளியிட்டனர். பாராட்டு மழை பொழிந்தது என்று எழுதத்தான் எங்களுக்கு ஆசை. ஆனால் நடந்தது வேறு. எக்ஸ்ரே மருத்துவருக்கு இது தேவையில்லாத வேலை என்று பலர் ஒதுக்கினர். நோயாளியை அனுப்பிய ஓர் அறுவை மருத்துவர், படம் எடுத்தால் போதும், சரிசெய்ய முயலவேண்டாம் என்று சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினாராம்! அமெரிக்காவில் பல ஆண்டுகள் இந்த முறை உறங்கிக் கிடந்தது. ஐரோப்பிய மருத்துவர்களே அதை எடுத்து வளர்த்தனர். 'டாட்டர் செய்தல்' என்று அதற்கு அவர் பெயரையே இட்டனர். சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் 1974-இல் குழாயின் நுனியில் சிறிய பலூனைப் பொருத்தி விரித்தார். 1977-இல் இருதயத் தமனியையே அவ்வாறு திறந்தார். அப்போதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

திறந்த குழாய் மீண்டும் சுருங்கிவிடுகிறதே என்ற கவலை டாட்டருக்கு இருந்தது. உள்ளே ஒரு முட்டுக் கொடுத்தால் என்ன? 1969-இல் சுருள் கம்பியாலான சிறு குழல்களை நாய்களின் கால் தமனிகளில் வைத்துச் சோதித்து வெளியிட்டார். இன்று 'ஸ்டென்ட்' என்று எல்லாரும் சொல்லும் பொருளின் முன்னோடி அதுவே.

கல்லீரலின் கதவு

இப்போது எங்கள் வகுப்பறைக் கேள்விக்கு வருவோம். கல்லீரல் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் உள்ளே வந்த இரத்தம் வெளியேற முடியாது. கல்லீரல் வீங்கும், வலிக்கும், வயிற்றில் நீர் கோக்கும். உணவுக் குழாயின் சிரைகள் புடைத்து வெடித்து இரத்த வாந்தியும் வரலாம். காலம் தாழ்த்தினால் கல்லீரல் செயலிழந்துவிடும். இலண்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பட் 1845-இலும், பிராகாவில் பணியாற்றிய ஹான்ஸ் கியாரி 1899-இலும் இதை விளக்கியதால் இதற்குப் 'பட்-கியாரி நோய்' என்று பெயர். அரிய நோய்தான். ஆனால் பெரும்பாலும் இளம் வயதினரைத் தாக்குகிறது. நம் நாட்டிலும் இது உண்டு.

இதற்கு அறுவை மருத்துவர்கள் ஒரு வழி கண்டனர். வயிற்றைத் திறந்து, போர்ட்டல் சிரையையோ அதன் கிளையையோ கீழ்ப்பெருஞ்சிரையுடன் இணைத்து இரத்தத்திற்கு மாற்றுப் பாதை அமைத்தனர். இதை 'ஷண்ட்' என்பர். பலர் பிழைத்தனர். ஆனால் வீங்கிய கல்லீரலும் நீர் கோத்த வயிறும் உடைய நோயாளிக்கு அது மிகப் பெரிய அறுவை. அமைத்த பாதை மறுபடி அடைத்துக்கொண்டால் இன்னொரு முறை வயிற்றைத் திறப்பது அதைவிடக் கொடியது.

இங்கேதான் பிராகாவின் யோசெப் ரோஷ் மீண்டும் வருகிறார். கியாரி வாழ்ந்த அதே நகரத்தார் அல்லவா! டாட்டரின் அழைப்பை ஏற்று 1967-இல் போர்ட்லண்டுக்கு வந்த அவர், மறு ஆண்டு சோவியத் படைகள் தம் நாட்டில் புகுந்ததால் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் ஊசியைச் செலுத்திப் படம் எடுத்தபோது, ஊசி தற்செயலாகப் போர்ட்டல் சிரைக்குள் போய்விடுவதைக் கண்டார். குருவைப் போலவே சீடரும் தற்செயலைத் தள்ளிவிடவில்லை. வயிற்றைத் திறக்காமல், கல்லீரலுக்கு உள்ளேயே இரு சிரைகளை இணைத்துவிடலாமே என்று எண்ணினார். 1969-இல் அவரும் கலிபோர்னியாவிலிருந்த அவருடைய கூட்டாளிகளும் நாய்களில் இதைச் செய்து காட்டினர். ஆனால் அன்று கிடைத்த நெகிழிக் குழாய்கள் விரைவில் அடைத்துக்கொண்டன. நல்ல ஸ்டென்ட் வரும்வரை அந்த எண்ணம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1988-இல் ஜெர்மனியில்தான் உலோக ஸ்டென்ட்டுடன் இந்த மாற்றுப் பாதை முதன்முதலில் ஒரு மனிதருக்கு அமைக்கப்பட்டது. கழுத்தில் ஓர் ஊசித் துளை. அதன்வழியே கம்பி இருதயத்தைக் கடந்து கல்லீரல் சிரையை அடைகிறது. அங்கிருந்து ஊசி போர்ட்டல் சிரையைத் துளைக்கிறது. பலூன் அந்த வழியை விரிக்கிறது. ஸ்டென்ட் அதைத் தாங்கி நிற்கிறது. கல்லீரல் சிரைகள் முழுவதும் மூடியிருந்தால் கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்தே நேராகத் துளையிடுவார்கள். வயிற்றில் கத்தி படுவதே இல்லை.

மீண்டும் அடைத்தால்?

எங்களை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். பட்-கியாரி நோயாளிகளில் பலருக்கு இரத்தம் எளிதில் உறையும் தன்மை இருக்கிறது. ஆகவே அமைத்த பாதையும் அடைத்துக்கொள்ளலாம். வயிறு மறுபடி வீங்கலாம். மருத்துவர்கள் அதை எதிர்பார்த்தே இருக்கிறார்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியால் பாதையில் இரத்தம் ஓடுகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறார்கள். ஓட்டம் குறைந்தால் மறுபடி கழுத்து வழியே போகிறார்கள். உறைந்ததைக் கரைக்கிறார்கள், அல்லது உறிஞ்சி எடுக்கிறார்கள். சுருங்கிய இடத்தைப் பலூனால் விரிக்கிறார்கள். தேவையானால் ஸ்டென்ட்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட்டை வைக்கிறார்கள். முன்னர் அறுவையால் அமைத்த ஷண்ட் அடைத்தாலும், அதையும் இதுபோல் உள்ளிருந்தே திறக்க முயல்கிறார்கள்.

எதிர்மாறான சிக்கலும் வரலாம். பாதை அளவுக்கு மீறி அகன்றிருந்தால், கல்லீரலால் தூய்மை செய்யப்படாத இரத்தம் மிகுதியாக மூளைக்குச் சென்று நோயாளியின் அறிவைக் குழப்பிவிடும். அப்போது அதே வழியாகச் சென்று, குறுகலான ஸ்டென்ட் ஒன்றை உள்ளே பொருத்தி ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். அணையின் மதகைத் திறப்பதும் தாழ்த்துவதும் போன்றது இது.

2000-க்குப் பின் உறை போர்த்திய ஸ்டென்ட்டுகள் பரவலாயின. இவை முன்னவற்றைப் போல் அடிக்கடி அடைப்பதில்லை. அந்த உறை எதனால் ஆனது தெரியுமா? டாட்டர் சிகாகோ விடுதி அறையில் சுடர் விளக்கில் காட்டி வளைத்த அதே டெஃப்லான் இனத்துப் பொருளால்தான்! இதைப் படித்தபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

நோயோடு ஏறிய மலைகள்

டாட்டரின் புகழைவிட அவர் நெஞ்சுரம் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோய் அவரைப் பற்றியது. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றார். இருதயத்தில் இருமுறை அறுவை நடந்தது. அப்படியிருந்தும் அவர் மலையேறுவதை விடவில்லை. அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த 67 சிகரங்களில் ஏறி இறங்கினார். அவர் கத்தியை வெறுத்தவர் அல்லர். தம் உயிரையே பலமுறை அதனிடம் ஒப்படைத்தவர். கத்தியில்லாமல் முடியும் இடத்தில் கத்தி எதற்கு என்பதே அவர் கேட்ட கேள்வி.

1978-இல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1985 பிப்ரவரி 15-ஆம் நாள், 64-ஆம் வயதில் போர்ட்லண்டில் உயிர் நீத்தார். கல்லீரலின் கதவு மனிதருக்குத் திறக்கப்பட்ட 1988-ஐ அவர் காணவில்லை. ஆனால் அவருடைய சீடர் ரோஷ் கண்டார். 1990-இல் டாட்டரின் பெயரால் அந்நகரில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. அதன் முதல் இயக்குநர் ரோஷ்தான். கட்ட உதவியவர், சுடர் விளக்கை இரவல் கொடுத்த பில் குக்.

நாம் கற்பது

ஒருமுறை திறந்தால் என்றென்றும் திறந்தே இருக்கும் என்று டாட்டரின் வழிவந்தவர்கள் யாருக்கும் வாக்களிப்பதில்லை. அடைத்தால் மறுபடி வருகிறோம் என்கிறார்கள். நோயாளியும் அதை ஏற்றுக்கொண்டு படிப்பையும் வேலையையும் தொடர்கிறார். முதலில் இது எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. முழுவதும் தீராத மருத்துவம் என்ன மருத்துவம் என்று பேசிக்கொண்டோம். பிறகுதான் புரிந்தது. மறுபடி அடைத்தது தோல்வியன்று. இனித் திறக்க வழியே இல்லை என்று கைவிட்டுவிடுவதுதான் தோல்வி.

எங்களுக்கு இவ்வாண்டு பொதுத்தேர்வு. ஒரு கணக்கு வராவிட்டால் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தால் எல்லாம் முடிந்தது என்று அழுகிறோம். போன மாதம் கண்டுபிடித்த தவற்றை இந்த மாதமும் செய்துவிட்டால் நமக்கு அறிவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். இனி அப்படிச் செய்யும்போதெல்லாம் அந்தப் போர்ட்லண்ட் மருத்துவரையும் அவருடைய மெல்லிய கம்பியையும் நினைத்துக்கொள்வோம் என்று வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொண்டோம்.

இன்னும் ஒன்று. அன்று எழுந்து கேள்வி கேட்ட தோழியைப் பார்த்து நாங்கள் சிரித்தோமே, அதற்காக இந்தப் பக்கத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். டாட்டரைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார்கள்.